தணிகாசலத்தின் சாமந்தி போன வழி

அரக்கோணம் பூக்கடைகளுக்கு எதிரே தணிகாசலம் சாமந்தி மூட்டையை இறக்கி நிமிர்ந்தார். பின்னாலேயே ஊர் மொத்தமும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பாவா, நீயும் இங்கதானா?" என்றான் பக்கத்துக் கொல்லை தீனதயாளன், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

ஒரே ஊர்ப் பூ மலையாகக் குவிந்தால் வியாபாரி என்ன செய்வான்? மூக்கைச் சுளித்தான். பாதிப் பூ மாட்டுக்குப் போனது.

வெயில் தாங்கும் நாற்று, சொட்டுநீர், வைக்கோல் மூடாக்கு என்று வானத்தையே ஜெயித்தவர் தணிகாசலம். தீனதயாளனை ஜெயிக்க முடியவில்லை. சொட்டுநீர்க் குழாய் கொடுத்த தொண்டு நிறுவனம் எல்லார் போனிலும் ஓர் ஆப்பை ஏற்றியிருந்தது. எந்தச் சந்தைக்குப் போகலாம் என்று காலையில் சொல்லுமாம். தணிகாசலம் அதைத் திறந்ததே இல்லை. "எனக்கு போன் புத்தி சொல்றதா?"

தான் போகும் சந்தையை ஊருக்குச் சொல்வது யார்? சந்தேகம் மனைவி மேல் விழுந்தது. கௌரியம்மாள் குழாயடியில் திறந்த வாயைத் தண்ணீர் நின்றாலும் மூடமாட்டார். அதனால் மறுமுறை வீட்டில் "பள்ளிப்பட்டு" என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கனகம்மாசத்திரத்துக்குத் திருப்பினார்.

தராசில் பூ ஏறுவதற்குள் தீனதயாளனின் குட்டி யானை வண்டி வந்து நின்றது.

"அக்கா பள்ளிப்பட்டுன்னுச்சே பாவா! நல்லவேள, நான் அத நம்பல. போன்ல இந்த ஊருதான் வந்துச்சு."

மறுபடியும் மாடுகளுக்கு விருந்து.

மிச்சமிருந்தது ஆடிக் கிருத்திகை. அது தவறினால் இந்தப் பூவைச் சீந்த ஆளில்லை. போட்ட உழைப்பெல்லாம் குப்பை. தணிகாசலம் யோசித்தார். ஊரே கோயில் மலையடிவாரத்துக்குத்தான் ஓடும். ஆந்திராக்காரர்கள் காவடி கட்டிப் புறப்படுகிற நகரிக்கே போய்விட்டால்? பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடாமல், விடியுமுன் கிளம்பினார்.

வெயில் ஏறுவதற்குள் நகரிக் கடைத்தெருவில் காவடியைவிடச் சாமந்தி அதிகம். தீனதயாளன் கையாட்டினான்.

கௌரியம்மாள் போனில் கத்தினார். "எங்கய்யா கீற? மலையடியில பூவே இல்லியாம்! ஜனங்க வெறுங்காவடி தூக்கினு நிக்கிது!"

தணிகாசலம் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது தொண்டு நிறுவனத்துப் பெண் தேவிப்பிரியா, விவசாயிகளின் ஒற்றுமையைப் படம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

தணிகாசலம் கைகூப்பினார். "தோத்துட்டேம்மா. இனிமே உன் ஆப்பு சொல்ற எடத்துக்கே போறேன். நான் மனசுல நெனைக்கிறது அதுக்கு எப்படித்தான் தெரியுதோ!"

"அதுக்கு இன்னாண்ணே தெரியும்?" என்றாள் தேவிப்பிரியா. "ஊர்ல நல்லா வெவசாயம் பண்றவரு போனு எங்க போவுதோ, அங்க போங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லும். உங்க ஊருக்கு உங்க போனைத்தான் வழிகாட்டியா வெச்சிகினு கீறோம்."