கடல்கம்பிக்கு வைத்த படையல்

மலேசியாவை உலகத்தோடு இணைத்தது அரசாங்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணைத்தவர் எங்கள் ஈப்போ டெலிபோன் ஆபீசில் கேபிள் ஜாயிண்டராக இருந்த கடல்கம்பி அண்ணன். கேட்டவர்களிடமெல்லாம் அவர் அப்படித்தான் சொன்னார். கேட்காதவர்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ தேடுவார். மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, மாமியாரைப் பற்றிப் பேசினாலும் சரி, மூன்றாவது வாக்கியத்தில் கடலுக்கு அடியில் கிடக்கும் கம்பிக்கு வந்துவிடுவார். அப்புறம் வேறு என்ன பெயர் நிலைக்கும்?

நான் அப்போது அதே கட்டடத்தின் மாடியில் வெளியூர் லைன்களை இணைக்கும் டிரங்க் ஆபரேட்டர். பக்கத்துச் சிலிபினிலிருந்து சைக்கிளில் வருவேன். காதில் ஹெட்செட், கையில் பிளக்கு, வாயில் "மூணு நிமிஷம் ஆச்சு". என் வாயைப் பற்றி ஆபீசில் நல்ல பேச்சு கிடையாது. அந்த வாயையே அடைத்தவர் இந்த மனிதர் ஒருவர்தான்.

ஜாயிண்டர் வேலை என்றால் சும்மா இல்லை. தெருவில் இரும்பு மூடியைத் தூக்கிக் குழிக்குள் இறங்க வேண்டும். கேபிளைப் பிளந்தால் உள்ளே தலைமுடி மாதிரி நூற்றுக்கணக்கான கம்பிகள், ஜோடி ஜோடியாக. இந்தப் பக்கத்து முதல் ஜோடியை அந்தப் பக்கத்து முதல் ஜோடியோடு முறுக்க வேண்டும். ஒன்று தப்பினால் டாக்டருக்கு வர வேண்டிய போன் ஆட்டுக்கறிக் கடைக்குப் போய்விடும். மற்றவர்கள் நம்பர் போட்டு எண்ணுவார்கள். அண்ணன் பெரட்டு எடுப்பார். ரப்பர்த் தோட்டத்தில் காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகள்தான் அவருக்கு நம்பர்.

பட்டணத்து நடுவில், குழிக்குள்ளிருந்து சத்தம் வரும்: "காளியம்மா வீடு! வந்தாச்சா? மண்டோரு வீடு! சடையன் வீடு! பால்காரு வீடு! ஒத்தக்காது வீடு! பெரியாயி வீடு!" ஆறு முடிந்ததும் ஒரு இருமல். "மேளக்காரு வீடு!" அது எட்டு.

ரோட்டில் போகிறவர்கள் பூமிக்குள் ஒரு லயமே குடியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"ஏழு எங்கண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏழு இருக்குலா. முறுக்கியாச்சி. ஏழப் பத்தி மட்டும் கேக்காத தங்கச்சி."

"ஏன்? ஏழாவது வீட்ல பழைய காதலியா?"

மனிதர் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஏறி வரவில்லை.

அவருடைய பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. உலகத்தில் முதன்முதலாகக் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கச் சுற்றியது நம் காட்டு மரத்தின் பால். தாபான் மரம். பேராக் காடுகளில் அதை வெட்டி வெட்டியே ஒழித்தார்கள். இதை எங்கேயோ படித்துவிட்டு வந்தார், அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போச்சு. ஒருமுறை ஈப்போ ரயில் ஸ்டேஷனைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதியின் காலடியில் குழி மூடி திறந்தது. தலை மட்டும் வெளியே வந்து ஆங்கிலத்தில் சொன்னது: "எங்க மரம் இல்லாட்டி ஒங்க ராணி யாருகிட்டயும் பேசியிருக்க முடியாது." அந்த அம்மாள் கேமராவைக் கீழே போட்டுவிட்டாள்.

கம்பி இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. கம்பி இல்லாத எதையும் நம்ப மாட்டார். டிரான்சிஸ்டர் ரேடியோவை வீட்டில் சேர்க்கவில்லை. விமானமா? "ஆகாசத்துல கம்பியே இல்லியே, எதப் புடிச்சிக்கிட்டு போறது?" கப்பலா? இங்கேதான் வேடிக்கை. வாய் ஓயாமல் கடலைப் பற்றிப் பேசிய மனிதருக்குக் கடல் என்றால் குலை நடுக்கம். பினாங்கு ஃபெர்ரியில் ஏறினாலே தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். குமட்டல் வேறு.

இதெல்லாம் சிரிக்க நன்றாகத்தான் இருந்தது, அவருடைய அக்கா கதை தெரியும் வரை.

அவருக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அக்கா. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவர். எழுபது வாக்கில், பிரஜா உரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது சிவப்பு ஐசி, வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் எத்தனை குடும்பங்கள் கப்பல் ஏறின என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தம்பிக்கு நீல ஐசி கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போனார். அந்தக் கப்பலைப் பார்த்த நாளிலிருந்துதான் இவருக்குக் கடல் ஆகாமல் போச்சாம். "ஒரு நா ஒங்கூட போன்ல பேசுறேங்க்கா" என்று துறைமுகத்தில் சொல்லி அனுப்பினார்.

சில வருஷம் கழித்துப் பேசினார். மதராசுக்குப் பேச்சு அப்போது ரேடியோ அலையில்தான். மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல், அதன் நடுவில் குரல் ஏறும், இறங்கும், நீளும். நான்தான் இணைப்புக் கொடுத்தேன். நாகப்பட்டினம் தபாலாபீசில் அக்கா காத்திருந்தார். இவர் கீழே போன் கூண்டுக்குள் நின்று, "அக்கா! நாந்தாங்க்கா!" என்று கத்தினார். அங்கே போய்ச் சேர்ந்தது தகர டப்பாவுக்குள் தவளை கத்துகிற மாதிரி ஒன்று.

"யாருய்யா நீ?" என்றார் அக்கா. "எந்தம்பி கொரலு எனக்குத் தெரியாதா? அவனுக்கு என்ன ஆச்சி? ஒளிக்காம சொல்லு!"

"அக்கா, நாந்தாங்க்கா!"

"அவன் இருந்தா அவனே பேச மாட்டானா? அய்யோ, போயிட்டானா!"

மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. விதி விதிதான் என்று பிளக்கைப் பிடுங்கியது இந்தக் கை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த மாதம் அண்ணன் ஒரு கடிதத்தோடு மாடிக்கு வந்தார். அக்கா மகன் எழுதியது.

"தங்கச்சி, நான் செத்துட்டேன்லா."

"எப்பண்ணே?"

"போன மாசம். கருமாதியும் முடிஞ்சிருச்சாம்."

எங்கள் சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "செத்ததுக்கு லீவு ஃபோர்ம் குடுத்தனீரோ? இல்லையெல்லோ? அப்ப போய் வேலையைப் பாரும்."

உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்ட, இலாகா வேன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். பதில் வந்தது. போட்டோ ரொம்ப லட்சணமாக இருந்ததாம். அக்கா அதைச் சட்டம் போட்டு மாலை மாட்டிவிட்டாராம். கடிதம் எழுதினால், "எழுத்த யாரு வேணாலும் எழுதலாம்டா" என்று மகனிடம் சொல்லிவிடுவாராம். வருஷா வருஷம் தம்பிக்குப் படையல். என்னென்ன வைத்தார்கள் என்று மருமகன் ஒன்று விடாமல் எழுதுவான். அண்ணன் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டே சாப்பிடுவார்.

"நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, கத்திரிக்காப் புளிக்கொழம்பு, அவிச்ச முட்ட. அங்க எனக்கு இம்புட்டும் வச்சிட்டு, இங்க நான் மீ கோரேங் தின்னுக்கிட்டு இருக்கேன். என்ன நியாயம்லா இது?"

கேன்டீனே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தப் படையல் நாளில் மட்டும் அவர் யாரோடும் பேசாமல் இருப்பதை நான் கவனித்தேன். வளர்த்த அக்கா மனசில் தான் செத்துக் கிடப்பது எப்படி இருக்கும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து மதராசுக்குக் கடலடியில் கேபிள் போடுகிறார்கள் என்று சேதி வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் உதவிக்கு ஆள் வேண்டுமென்று கேட்டபோது அவரை அனுப்பினார்கள். திறமைக்காகப் பாதி, அனுப்பாவிட்டால் நச்சரிப்புத் தாங்காது என்பதற்காகப் பாதி. ஃபெர்ரியில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கப்பல் தூரத்தில் நிற்க, மிதவைகளில் கட்டிய கேபிள் பாம்பு மாதிரி நெளிந்து கரைக்கு வந்ததாம். இவர் ஓடிப்போய் முகர்ந்து பார்த்திருக்கிறார். தாபான் வாசம் இல்லை. பிளாஸ்டிக் என்றான் வெள்ளைக்கார இன்ஜினியர். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பரவால்ல. சட்டைய மாத்திக்கிட்டாங்க. மொதச் சட்ட நம்ம தச்சது" என்றாராம்.

கயிற்றைப் பிடித்து இழுத்த பலரில் அவர் ஒருவர். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் ஈப்போவுக்குத் திரும்பியவர் கடலையே இழுத்துக் கட்டிவிட்டு வந்த மாதிரி நடந்தார். மிச்சத்தில் ஒரு முழம் கேபிளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுச் சாமி மேடையில் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

கேபிளில் பேச்சு ஓடத் தொடங்கியதும் மருமகனுக்கு எழுதினார். நாகப்பட்டினத்து லைனில் இவருக்கு நம்பிக்கை இல்லை, அக்கா மதராசுக்கே வர வேண்டும். சாமி பார்க்கலாம் என்று சொல்லி மருமகன் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டான்.

இங்கே காலை பதினோரு மணி, அங்கே ஒன்பது. சூப்பர்வைசர் தன்னுடைய மேசைப் போனையே கொடுத்தார். அவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான். அண்ணன் சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. நான் பிளக்கைச் சொருகினேன்.

சத்தமே இல்லை. அப்படி ஒரு அமைதி.

"செத்துப்போச்சா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே, லைன் சுத்தமா இருக்கு. பேசுங்க."

"அக்கா," என்றார். அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது என் ஹெட்செட்டில் கேட்டது.

"யாரு?"

"நாந்தாங்க்கா. ஒந்தம்பி. ஈப்போவுல இருந்து."

அக்கா கோபமாகக் கேட்டார்: "ஈப்போவுல இருந்து பேசுனா இப்பிடியா கேக்கும்? பக்கத்து ரூம்ல நின்னுக்கிட்டு ஏமாத்துறியா? டேய், இதுக்குத்தான் சாமி பாக்கலாம்னு கூட்டியாந்தியா?" கடைசிக் கேள்வி மகனுக்கு. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேசைக்கு அடியில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று அக்கா குனிந்து பார்த்திருக்கிறார்!

அன்றைக்கு ரேடியோவில் குரல் கெட்டுப்போனதால் நம்பவில்லை, இன்றைக்குக் கேபிளில் குரல் இவ்வளவு நன்றாக இருப்பதால் நம்பவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் முட்டி நின்றது. இந்த முறை விட்டால் அவர் செத்தவர் செத்தவர்தான். ஆபரேட்டர் நடுவில் பேசக் கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாவது!

"அண்ணே, பெரட்டு எடுங்க!" என்று கத்தினேன்.

எழுந்து நின்றார். கண்ணை மூடினார். குழிக்குள் கூப்பிடுகிற அதே குரல்.

"காளியம்மா வீடு! மண்டோரு வீடு! சடையன் வீடு! பால்காரு வீடு! ஒத்தக்காது வீடு! பெரியாயி வீடு!" ஒரு இருமல். "மேளக்காரு வீடு!"

"நில்லுடா," என்றார் அக்கா.

எங்கள் ஆபீசில் ஒரு பிளக்கு அசையவில்லை.

"ஏழாவது வீட்ட ஏன்டா விட்ட?"

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"மூக்காயி வீட்டுச் சேவல களவாண்டியே, இன்னுமா அவளுக்கு பயப்படுற?"

"நான் களவாங்கலக்கா. அது தானா வந்துச்சி."

"கொழம்புச் சட்டிக்குள்ளயும் தானாவா வந்துச்சி? அட பாவி! எந்தம்பிதான்டா நீ! எஞ்சாமி, இருக்கியாடா நீ!"

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். நாங்கள் மட்டும் என்ன கல்லா? "ஒனக்கு எத்தன வருசமாடா சோறு வச்சேன்!" என்று அக்கா கதற, இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தெரியுங்க்கா. போன தடவ தொக்குல உப்பு கொறச்சலாமே, மருமவன் எழுதுனான்" என்றார்.

மூன்று நிமிஷம் எப்போதோ போய்விட்டது. நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மணிக்கூடு நிண்டுபோச்சுது போல கிடக்கு" என்றார். மணிக்கூடு டிக் டிக் என்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டியா தங்கச்சி? பக்கத்து ரூம்ல இருந்து பேசுற மாதிரி இருக்காம்! எங்கக்கா மேசைக்கு அடியில பாத்துச்சி! நம்ம மலேசியாக் கம்பிலா!" இந்த நாட்டுக்கு அதற்குமேல் ஒரு சர்டிபிகேட் யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அன்று நானும் தலை நிமிர்ந்துதான் சைக்கிள் மிதித்தேன்.

அக்கா போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினார். வருஷச் சமையலை மட்டும் விடவில்லை. கருவாட்டை வதக்கிப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பினார். வாரக்கணக்கில் கடலில் வந்த அந்தக் கருவாட்டைப் பிரித்த அன்று அந்த நாற்றத்தில் ஆபீசில் ஒருவராலும் உட்கார முடியவில்லை.

அக்காவும் தம்பியும் இப்போது இல்லை. என் மகள் மெல்பர்னிலிருந்து வீடியோவில் பேசுகிறாள். எல்லாம் ஆகாசத்தில் வருகிறது என்று நினைக்கிறாள். கடலுக்கு அடியில் கம்பிதான்டி கிடக்குது என்றால் சிரிக்கிறாள். எனக்கோ கடல்கம்பி அண்ணன் ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி. பாசாரில் முட்டை எண்ணும்போது ஆறு வந்ததும் இருமிவிட்டு எட்டுக்குப் போய்விடுகிறேன். முட்டைக்காரச் சீனர் ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்தி, ஏழு எங்கே என்று கேட்கிறார்.

ஏழு இருக்குலா. அண்ணன் முறுக்கிய ஜோடி, விட்டுப்போகுமா?