கோர்டன் கொண்டாடிய கடையில்லாக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததும் கோர்டன் பிரிட்சர்டுக்கு ஞானமும் பிறந்தது.

காலைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்றான். "இந்த வருஷம் நம்ம வீட்டுல எளிமையான கிறிஸ்துமஸ். கடையிலேர்ந்து ஒரு ரிப்பன்கூட வரக்கூடாது. நம்மகிட்ட இருக்கறத வெச்சு எல்லாத்தையும் நாமளே செய்யறோம்!"

எட்டு வயது மகள் ஹேஸல் கை தட்டினாள். ஐந்து வயது ரூபர்ட் மேசையைத் தட்டினான். மனைவி மெரெடித் மட்டும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

கோர்டனின் ஞானத்துக்கு மூலகாரணம் வேறு. ஆஸ்திரேலியாவின் தென்கரையில் அவர்கள் ஊரான ஸ்ட்ரீக்கி பேயிலிருந்து போர்ட் லிங்கன் நகரத்துக்குக் காரில் மூன்று மணி நேரம். ஒவ்வொரு டிசம்பரிலும் வெயில் மண்டையைப் பிளக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து மெரெடித் அங்கே கடை கடையாக ஏறுவாள். அவன் பைகளோடு பின்னால் போவான். இந்த முறை அந்தச் சனிக்கிழமையைக் கொல்லையிலுள்ள தகர ஷெட்டில் கிரிக்கெட் கேட்டுக் கழிக்கத் திட்டம். ஷெட் அவனுடைய தனி நாடு. அங்கே அவனே ராஜா, அவனே பிரஜை.

"சரி," என்றாள் மெரெடித்.

கோர்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஆனா' ஒட்டாத 'சரி' ஒன்றை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. அவள் சொன்னது சரி. அவனுக்கு அதுவே சரிவு என்று அப்போது யார் கண்டது?

சனிக்கிழமை வந்தது. ரேடியோவைத் திருகியதும் ஷெட்டுக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள்.

"என்ன இது, படையெடுப்பு?"

"மரம் ஜோடிக்கணும்," என்றாள் மெரெடித். "கடற்கரையில காஞ்ச கிளை ஒண்ணு பொறுக்கிட்டு வந்தோம். தொங்க விட மினுமினுன்னு ஏதாவது வேணும். நம்மகிட்ட இருக்கறதுதானே?"

அவள் பார்வை சுவரில் வரிசையாக மாட்டியிருந்த, தூண்டிலில் இரையாகக் கோக்கும் பொம்மை மீன்களின் மேல் நின்றது. தங்க நிறம், வெள்ளி நிறம், செக்கச் சிவப்பு. ஆசை ஆசையாகச் சேர்த்தவை.

"அது மீன் பிடிக்க!"

"நீ மீன் பிடிச்சு எத்தனை காலம் ஆச்சு, கோர்டன்?"

முள்ளைக் கழற்றிக் கொடுத்தான். வேறு என்ன செய்வது? பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வழக்கம் முளைத்தது. வீட்டில் சும்மா கிடப்பதை அக்கம்பக்கத்துக்குப் பரிசாகக் கொடுப்பதாம்.

"நம்ம வீட்டுல சும்மா கிடக்கறது என்ன இருக்கு?" என்றான் கோர்டன்.

"நீ," என்றாள் மெரெடித். "அடுத்தது, அந்தப் படகு மோட்டார்."

"அதை ரிப்பேர் பண்ணப் போறேன்!"

"ரூபர்ட் பொறக்கறதுக்கு முன்னாடியே சொன்ன. அவன் நடந்துட்டான், ஓடிட்டான். மோட்டார்தான் ஓடல."

பிள்ளைகள் அதற்குச் சிவப்புத் துணி கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு ட்ரெவர் கண் கலங்கிவிட்டான். "கோர்டன், நீ மனுஷனே இல்ல, தேவதூதன்!" மறுநாள் துளை போடும் மெஷின் போயிற்று. அதற்கடுத்து கூடாரம், கயிறு, கால் உடைந்த நாற்காலிகள். ஊரே அவனைக் கட்டிப் பிடித்தது. வயிறு எரிந்தாலும் நெஞ்சு நிமிர்ந்தது.

"எளிமை எளிமைன்னு சொன்னே," என்றாள் மெரெடித், காலியான ஷெட்டை எட்டிப் பார்த்து. "இங்க எலிதான் மிச்சம். அதையும் துரத்திடு."

துரத்தினான்.

அடுத்து ஹேஸல் வந்தாள். "அப்பா, வெளியில சிவப்புப் பெயின்ட் அடிச்சா ஷெட் கிறிஸ்துமஸ் தாத்தா வீடு மாதிரியே இருக்கும். ரெண்டு டப்பா மிச்சம் இருக்கு. ப்ளீஸ்ப்பா!"

கோர்டனுக்கு உற்சாகம் பொங்கியது. வெயிலில் வெந்து சிவந்து, ஷெட் எது ஆள் எது என்று தெரியாத அளவுக்குப் பெயின்ட் அடித்தான். கூரை விளிம்பில் வெள்ளையால் பனி வைத்தான். நாற்பது டிகிரி வெயிலில் உருகாத பனி! பழைய பலகையில் குட்டி ஜன்னல் அறுத்துப் பொருத்தினான். தெருவே திரண்டு வந்து பார்த்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டான் ட்ரெவர்.

"ஒரு காசு இல்ல," என்றான் கோர்டன். ஸ்ட்ரீக்கி பேயில் அன்று அவனைவிட உயரமான ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் காலை. தூண்டில் மீன்கள் ஜொலிக்கும் கிளையின் அடியில் ஒரே ஒரு பொட்டலம். ஹேஸலும் ரூபர்ட்டும் பாய்ந்து பிரித்தார்கள். உள்ளே ஒரு சாவி.

கோர்டன் குனிந்து பார்த்தான். பார்த்த சாவியாக இருந்தது.

"மெரெடித்... இது ஷெட் சாவி."

"ஆமா. பசங்களுக்கு விளையாட்டு வீடு. கடையில வாங்கல, நம்மகிட்ட இருந்தது. நீயே காலி பண்ண, நீயே பெயின்ட் அடிச்ச, நீயே ஜன்னலும் வெச்ச. இந்த மாதிரி அப்பா எந்தப் பிள்ளைங்களுக்குக் கிடைப்பான், சொல்லு!"

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்ததுமே பிள்ளைகள் இரண்டும் அவன் கழுத்தில் தொங்கின. ரூபர்ட் காதைக் கடித்தேவிட்டான். மறுக்கத் திறந்த வாய் சிரித்துக்கொண்டு மூடியது.

மத்தியானம் இறாலும் குளிர்ந்த பன்றிக்கறியும் தின்று முடித்து நிமிர்ந்தால் வீட்டில் யாரையும் காணோம். கொல்லையிலிருந்து சிரிப்புச் சத்தம். கோர்டன் போய்க் கதவைத் தட்டினான். அவன் வைத்த ஜன்னல் திறந்தது. ஹேஸலின் மூக்கு தெரிந்தது.

"யாரு?"

"அப்பாதான்டா கண்ணு. ரேடியோவுல பழைய கிரிக்கெட் மேட்ச் போடப் போறாங்க, உள்ள விடு."

"நாளைக்கு வாப்பா," என்றாள் ஹேஸல். "பெரியவங்க ஒருத்தருக்குத்தான் இடம். அம்மா உள்ள தூங்கறா."