அழுத குரங்கும் அடைத்த ஓட்டையும்

ஜப்பானின் எடோ நகரம் முழுக்க ஒரே பேச்சு. குரங்கு அழுகிறதாம்! உயிருள்ள குரங்கு அழுதால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? இது யானைத் தந்தத்தில் செதுக்கிய கட்டைவிரல் அளவுக் குரங்கு. இருநூறு வருஷத்துக்கு முன்பு ஒரு மகானின் இடுப்பில், புகையிலைப் பையைத் தாங்கித் தொங்கியதாம். மகானுக்கு எதற்குப் புகையிலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நோயாளியின் தலைக்கு மேலே சாமியார் டொங்காய் அதைப் பிடிப்பார். குரங்கின் கண்ணிலிருந்து நீர் சொட்டினால் நோய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். காணிக்கை வைத்த யாருக்கும் அது சொட்டாமல் இருந்ததில்லை.

கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் கன்ரோக்கு பக்தியால் சாமியாரிடம் வரவில்லை. அவன் அக்கா ஒமிட்சுவின் குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். குரங்கு இரண்டு தடவை அழுதாயிற்று, காய்ச்சல்தான் இறங்கவில்லை.

"வைத்தியரைக் கூப்பிடலாம்க்கா."

"வாயை மூடுடா! மருந்து குடுத்தா குரங்கு கைவிட்டுடும்னு சாமி சொல்லியிருக்கார்."

மூன்றாவது தடவை சாமியார் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்தபோது, கூடியிருந்த எல்லோரும் குரங்கின் கண்ணைப் பார்த்தார்கள். கன்ரோக்கு சாமியாரின் கட்டைவிரலைப் பார்த்தான். குரங்கின் முதுகில் இருந்த விரல் லேசாக எழும்பியது, கண்ணீர் சொட்டியது.

"சாமி, நான் கொஞ்சம் பிடிக்கட்டுமா?"

"பாவி தொட்டா அழாது."

"அழலேன்னா நான் பாவின்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே. குடுங்க!"

பாவியைப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? "குடுங்க சாமி, பாத்துடுவோம்!" என்று கூட்டமே கத்தியது.

கன்ரோக்கு குரங்கை வாங்கி, ஒரு கிழவரின் கூடையிலிருந்த முள்ளங்கிக்கு மேல் பிடித்தான். குரங்கு அழவில்லை.

"பாவிதான்!" என்றார்கள்.

குரங்கின் முதுகிலிருந்து விரலை எடுத்தான். சொட்டியது. வைத்தான். நின்றது.

"முள்ளங்கிக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு," என்றான். "முதுகுல கயிறு கோக்கிற ரெண்டு ஓட்டை. உள்ளே குடைஞ்சு தண்ணி ஊத்தி, ஒண்ணை மெழுகால அடைச்சிருக்கார். இன்னொண்ணு இவர் விரலுக்கடியில. விரலை எடுத்தா காத்து உள்ளே புகுந்து, கண்ணு ஓட்டை வழியா தண்ணி சொட்டும். நான் மை இழைக்கிற தண்ணிக் குப்பியும் இப்படித்தான் அழுவுது, தினமும்!"

ஆண்களின் கைகள் தத்தம் இடுப்புக்குப் போயின. அங்கே பைக்கயிறு கோத்துத் தொங்கிய தந்தப் பொம்மைகளிலும் அதே இரண்டு ஓட்டைகள்.

ஒமிட்சு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினாள். டொங்காய் எதிர்ப்பக்கம் ஓடினார். வைத்தியர் குழந்தையைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும். பரவாயில்ல, பொழைச்சுக்கும்," என்றார்.

கிழவர் மட்டும் கூடையை எட்டிப் பார்த்தார். "இருந்தாலும் முள்ளங்கி கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இல்ல?"

ஓட்டை எல்லோர் இடுப்பிலும் இருந்தது. தடவிப் பார்க்க விரலும் இருந்தது. யோசிக்கத் தலையும் இருந்தது. அந்தத் தலையைத்தான் குரங்குக்குக் கீழே நீட்டினார்கள்.