லான்ட்மாஸ்டர் அண்ணையின் ஸ்பானிஷ்

லான்ட்மாஸ்டர் அண்ணையைப் போல உரத்து ஸ்பானிஷ் பேசுகிறவர் ஸ்பெயினிலும் இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு வினைச்சொல்தான் என்பது வேறு விஷயம்.

இரணைமடுப் பக்கம் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரத்தில்தான் தீப்பெட்டி வாங்கவும் போவார். மகள் ஸ்பெயினில் அந்த நாட்டுப் பையனையே கட்டினாள். விசா கிடைக்காததால் கலியாணத்தைப் போனில்தான் பார்த்தார். மருமகன் முதல் தடவையாக வருகிறான் என்றதும் மனிதருக்கு நித்திரை போய்விட்டது.

"பெடியன் கூச்சத்திலை அரைவயிறோடை எழும்பினால் எனக்கென்ன மரியாதை?"

"மகள் சாப்பிடச் சொல்லுவாதானே அண்ணை."

"அது அவள் சொல்லுறது. மாமன் நான் சொல்லவேணும்."

மகள் போனில் 'சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய்' என்று ஆறு விதமாகச் சொல்லிக்கொடுத்தாள். அண்ணை அதை வாய்ப்பாடுபோலப் பாடமாக்கினார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக "கொமோ, கொமெஸ், கொமெ, கொமெமொஸ், கொமேயிஸ், கொமென்" என்று கத்திக்கொண்டே வயலுக்குப் போவார். நடுவில் மாடு குறுக்கிட்டால் போச்சு, மறுபடியும் கொமோவிலிருந்துதான்.

"அவனுக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கோவன்" என்றேன்.

"தனிய வராது தம்பி. முதல்லையிருந்து வந்தால்தான் வரும்."

மகளோடு மருமகன் வந்தான். தைரியத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். குசினி வாசலில் நின்றேன். மேசையில் சோறு, மீன்குழம்பு, நாயாற்று இறால். கதிரையில் பெடியன் மட்டும். விருந்தாளி முடித்த பிறகுதானே வீட்டுக்காரர் சாப்பிடுவது? அண்ணை அகப்பையோடு பக்கத்தில் நின்றார்.

பெடியன் சோற்றைத் தொடவில்லை. எங்களையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

அண்ணைக்கு வியர்த்தது. தொண்டையைச் செருமி, "கொமோ" என்றார். "கொமெஸ். கொமெ." மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கொமெமொஸ்."

பெடியன் எழுந்துவிட்டான். அரைவயிறுகூட இல்லை, வெறுவயிறு. அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

எழுந்தவன் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டான். அண்ணையின் தோளைப் பிடித்து இருத்தினான். அகப்பையை வாங்கி அவருக்குச் சோறு போட்டுவிட்டு, தானும் இருந்து, "கொமெமொஸ்" என்றான். நாம் சாப்பிடுகிறோம்.

அண்ணை வாழ்க்கையில் முதல் தடவையாக விருந்தாளியோடு இருந்து சாப்பிட்டார். பெடியன் மூன்று தரம் சோறு வாங்கினான். மிச்சம் இரண்டு சொல்லையும் ஒருவரும் கேட்கவில்லை.

மகளும் மருமகனும் போய்விட்டார்கள். லான்ட்மாஸ்டர் இப்போதும் காலையில் எங்கள் படலையைத் தாண்டிப் போகிறது. பாட்டு மட்டும் நாலாவது சொல்லோடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருகிறேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.