மலைபுளிக்கு நடுவில் ஒரு கோடு

கல்யாண வீட்டில் பரிமாற ஆள் பற்றாமல் பெண்ணின் தகப்பனாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், பந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பளத்தை ரசத்துக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பாரே ஒரு மனிதர், அவரைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றில் தண்ணீர் வந்ததா என்பது அவருக்குக் கவலை இல்லை. மோட்டார் ரூமுக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதிலேயே மூன்று மாதம் ஓட்டுவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடினால், மாத்திரையை வெந்நீரில் கொடுப்பதா பாலில் கொடுப்பதா என்று வழிமறிப்பார். வேலை செய்யமாட்டார். செய்யவும் விடமாட்டார். ஊர் உருப்படாமல் போக இவர் மாதிரி ஒருவர் போதும். கடவுள் தாராள மனசுக்காரர், தெருவுக்கு இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தெருவுக்கு வாய்த்தவர் டைப் மாஸ்டர் காளியப்பன். மாடியில் ஒன்பது டைப்ரைட்டர்களை வைத்துப் பயிலகம் நடத்தினார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் ஃபாரம் பூர்த்தி செய்யவும் சுற்று வட்டாரம் முழுக்க அவரிடம்தான் வரும். வந்தவர்களை அவர் சும்மா அனுப்பமாட்டார். "அய்யா" என்பதற்கு அப்புறம் கமா போடுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் பேசித்தான் அனுப்புவார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பொன்னுருக்குகிறவர் கெட்டார்!

அவரிடம் வந்து மாட்டியவர் புளி வியாபாரி தஸ்தகீர். அதுவரை தரகர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த மனிதர், அந்த வருஷம்தான் துணிந்து, வத்தல்மலை ஜனங்கள் உலுக்கி, உடைத்து, கொட்டை எடுத்துக் கொண்டுவந்த நூற்றுப் பன்னிரண்டு மூட்டைப் புளியையும் தானே வாங்கி, இடம் போதாமல் வீட்டு வாசலில் கொட்டாய் போட்டு அடுக்கி, பம்பாய் வியாபாரி ஒருவருக்கு நேரடியாகக் கடிதம் போட்டிருந்தார். பதில் வந்தது. மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் பேரம் எல்லாம் தந்தியில்தான், நாலு வரி விலாசத்துக்குத் தந்தி கொடுத்துக் கட்டுப்படியாகாது, பங்குனி முடிவதற்குள் தந்தி விலாசம் பதிவு செய்து எழுதும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று.

தந்தி விலாசம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தந்திக்குச் சொல் கணக்கில் காசு. அதனால் கம்பெனிக்காரர்கள் தந்தி ஆபீஸில் ஒற்றைச் சொல்லாக ஒரு பெயரைப் பதிந்துவைப்பார்கள். அந்தச் சொல்லையும் ஊர்ப் பெயரையும் போட்டால் போதும், தந்தி நேராக வந்து சேரும். ஓர் ஊரில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். முந்தினவருக்குக் கிடைக்கும்.

தஸ்தகீர் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். பெயரையும் அவரே யோசித்துவைத்திருந்தார். மலைபுளி. சரக்கும் தெரிகிறது, இடமும் தெரிகிறது, வேறென்ன வேண்டும்? மாஸ்டர் அதை ஒரு வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் தட்டினார். தட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் ஆபத்து என்று ஊருக்குத் தெரியும், பாவம் தஸ்தகீருக்குத் தெரியாது.

"பாய், மலைக்கும் புளிக்கும் நடுவுல ஒரு கோடு போடறதா, வேண்டாமா?"

"எது நல்லதோ அதப் போடுங்க மாஸ்டர்."

ஐயோ, எந்த மனிதனும் எந்த மாஸ்டரிடமும் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஃபாரத்தில் பெயர், தெரு, கையெழுத்து எல்லாம் ஆகி, தந்தி விலாசத்துக்கான ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக, நாலாக மடிந்து மாஸ்டரின் சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது. பங்குனி முடிய இருபத்தாறு நாள் இருந்தது.

முதல் வாரம் மாஸ்டர் கோட்டின் கட்சி. பம்பாய்க்காரன் மலை எங்கே முடிகிறது, புளி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடுமாறுவானாம். கோடு போட்டால் பெரிய கம்பெனி மாதிரி எடுப்பாக இருக்குமாம். சரி, போட்டுவிடுங்கள் என்றார் தஸ்தகீர். அவ்வளவுதான், மாஸ்டருக்குப் பகீரென்றது. ஒத்துக்கொண்டுவிட்டாரே! எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் யார் இந்த மாடிப்படி ஏறுவார்கள்? யார் வாய் பார்த்து நிற்பார்கள்? இரண்டாவது வாரம் அவர் கோட்டுக்கு எதிர்க்கட்சி. கோடு போட்டால் எழுதுகிறவன் ஒரு நாள் மறப்பான், மறந்தால் தந்தி தெருவில் நிற்கும், சேர்த்தே எழுதுவதுதான் கெட்டி. சரி, சேர்த்தே எழுதுங்கள் என்றார் தஸ்தகீர். பார்த்தார் மாஸ்டர், அவசரப்படாதீர்கள் பாய் என்று பையைப் பொத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. டீக்கடையில் ஓட்டெடுப்பு நடந்தது. நல்லம்பள்ளி பஸ் கண்டக்டரிடம் டிக்கெட்டுக்கு முன்னால் அபிப்பிராயம் கேட்டார். தீர்த்தமலைக்குப் போய்ச் சாமி முன்னால் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது, கோடு வேண்டாம் என்று அர்த்தம். பொட்டலத்தைப் பிரித்த குழந்தைக்குச் சளி, அதனால் செல்லாது என்று திரும்பி வந்தார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளும் பாடத்தை மூடிவைத்துவிட்டு, காலை வகுப்பில் கோடு போட்ட மலைபுளியையும் மாலை வகுப்பில் கோடு போடாத மலைபுளியையும் பக்கம் பக்கமாகத் தட்டினார்கள். கோட்டுச் சாவிக்குச் சுண்டுவிரலை நீட்டி நீட்டி ஒரு பெண்ணுக்கு விரலே வீங்கிவிட்டது.

இதற்குள் மல்லையன் மலையிலிருந்து இரண்டு தரம் இறங்கி வந்துவிட்டார். புளி கொடுத்த ஜனங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. வாசலில் நின்று மூட்டைகளையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். சித்திரை பிறந்தால் கோடை மழை எந்த நேரமும் அடிக்கும், கொட்டாய் தாங்காது என்று சொன்னார். உங்களை நம்பித்தான் இறக்கிவிட்டோம் என்றும் சொன்னார். தஸ்தகீருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நேராக மாடிக்குப் போய், ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுங்கள் மாஸ்டர் என்று கெஞ்சினார்.

மாஸ்டருக்கு மனம் இளகியது. இளகினால் என்ன செய்வார்? கட்டத்தை நிரப்புவாரா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். பஸ் ஏறி அதியமான்கோட்டைக்குப் போய், அங்கிருந்து தருமபுரிக்கு இரண்டு தந்தி கொடுத்தார், ஒன்று கோடு போட்ட பெயருக்கு, ஒன்று கோடு போடாத பெயருக்கு. எது முதலில் வந்து சேருகிறதோ அதுதான் பெயர் என்று ஏற்பாடு. தஸ்தகீர் கடைக்குப் போகாமல் மூன்று நாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். தந்திச் சேவகர் அந்தப் பக்கம் சைக்கிளில் போனார், வந்தார், நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மாஸ்டர் வந்து யோசனையோடு தலையை ஆட்டினார். "ரெண்டுமே வரல பாய். அப்ப ரெண்டும் சமபலம். இன்னும் ஆழமாத்தான் பாக்கணும்."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த தஸ்தகீரின் மனைவி வஹிதா முறத்தைக் கீழே வைத்தார். "பதிவே பண்ணாத பேருக்குத் தந்தி எப்படிங்க மாஸ்டர் வரும்?"

மாஸ்டர் சிரித்தார். வீட்டுப் பெண்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று மனசார இரக்கப்பட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பது அவருக்கே தோன்றவில்லை. இந்த ரகத்துக்குத் தோன்றாது, தோன்றினால் இந்த ரகத்தில் இருக்கமாட்டார்கள்.

பங்குனி முடிந்தது. சித்திரை மூன்றாம் தேதி, பக்கத்து நல்லம்பள்ளிப் புளி வியாபாரி அப்துல் சுபான் தஸ்தகீர் வீட்டுக்கு வந்தார். சங்கடப்பட்டுக்கொண்டேதான் வந்தார், நல்ல மனிதர். பம்பாய்க்காரர் அவருக்கும் எழுதியிருந்தாராம். ஆர்டர் அவருக்கு வந்துவிட்டதாம். தந்தி விலாசம் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார் தஸ்தகீர்.

"மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கப் போனனுங்க, அப்படியே தந்தி ஆபீஸ்ல நொழஞ்சேன். பேரு என்னான்னாங்க, வாயில வந்தது எம்மவ பேரு. ரோஷன்னு சொன்னேன். எனக்கு எங்க இங்கிலீசு வருது? ஃபாரத்த அங்க இருக்கற ஆளே எழுதிக் குடுத்துட்டாரு."

அங்கே இருக்கிற ஆளே. மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. காற்று கொட்டாய்க் கீற்றைப் பிய்த்துக்கொண்டு போக, தஸ்தகீரும் வஹிதாவும் சாக்கு, பாய், போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினார்கள். அத்தனை மூட்டையும் நனைந்தது. கறுத்த தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. தஸ்தகீர் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதார்.

அந்த நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் காளியப்பன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "பாய், விடியக்காலம்தான் பளிச்சுனு புரிஞ்சுது. கோடு வேணும்."

வஹிதா நிமிர்ந்து பார்த்தார். முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அந்தக் கோட்ட எடுத்து மேல ஒழுகுதே, அந்த எடத்துல அடைங்க மாஸ்டர்."

புளி பூசணம் பூத்தது. பித்தளைப் பாத்திரம் தேய்க்கக் கொஞ்சம் போயிற்று, மீதி குப்பை. மல்லையன் அடுத்த வருஷம் மலையிலிருந்து தஸ்தகீர் வீட்டுப் பக்கம் இறங்கவே இல்லை. தஸ்தகீர் பழையபடி தரகரிடம் போய்க் கை கட்டி நின்றார். மாஸ்டரோ, நான் எவ்வளவோ சொன்னேன், பாய்தான் சீக்கிரம் முடிவெடுக்காமல் விட்டுவிட்டார் என்று டீக்கடையில் உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தம் ஆறுவதற்குள் நல்லம்பள்ளிக்குப் பஸ் ஏறினார். ரோஷன் என்பது மொட்டையாக இருக்கிறது, பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு சொல் சேர்த்தால் என்ன என்று அப்துல் சுபானைக் கேட்டார். அப்துல் சுபான் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டாராம், இங்கிதம் தெரியாத மனிதர்.

நல்லவேளை நாம் அப்படி இல்லை என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போதே, மலைபுளிக்குக் கோடு போடலாம் என்றோ வேண்டாம் என்றோ மனசுக்குள் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள்தானே? நினைத்தேன். சரி, தஸ்தகீர் வாசலில் நனைந்தது எத்தனை மூட்டை? மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.