மலையுச்சி பென்னியின் 'மரியாதை சேலஞ்ச்'

'சம்மதம்' என்ற மகத்தான தத்துவத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் ஏற்காடு கடைவீதி பென்னி என்பதை உலகம் ஒருநாள் ஒப்புக்கொண்டே தீரும். அவருக்கு முந்தைய ஜனங்கள் எதையும் செய்வதற்கு முன்னால் சம்மதம் கேட்டு நேரத்தை வீணடித்துக்கொண்டிருந்தார்கள். செய்து, படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, அதன்பிறகு "ஜாலியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

'மலையுச்சி பென்னி' சேனலின் தலைசிறந்த படைப்பு 'காட்டெருமை சேலஞ்ச்'. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் பதுங்கி, பழம் பறிக்கும் பெண்கள் நெருங்கியதும் உறும வேண்டும். அவ்வளவுதான். எளிமையே கலை.

பென்னி உறுமினார். மேட்டில் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இடுப்புப் பையில் இருந்த பழமெல்லாம் சிதற, சேலையை வாரிச் செருகிக்கொண்டு மிளகு பறிக்கும் ஏணியில் பாதிவரை ஏறி, "எருமையோ! ஏறுங்கோ!" என்று மலை அதிரக் கத்தினார். பென்னி அவருக்கு 'அலறல் அக்கா' என்று பட்டம் சூட்டினார். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். சேலம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் அதே குரலில் ஆள் ஏற்றினார்கள். கலைக்கு இதைவிட வேறென்ன கௌரவம் வேண்டும்?

அப்போதுதான் யாரோ ஒரு டீச்சர், "அந்தம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்று கமெண்ட் போட்டார். வீடியோவைவிடக் கமெண்டுக்கு லைக் கூடியது. பென்னியின் மென்மையான உள்ளம் துடித்தது. ஏரிக்கரை பேக்கரியில் அவசரக் கூட்டம் கூடியது. பங்கேற்றோர்: பென்னி, கேமராக்காரர் மேக்ஸ்வெல், முட்டை பப்ஸ் இரண்டு.

"மன்னிப்பு கேட்டுரலாம்டா," என்றார் பென்னி.

"சரி, தனியாப் போயிக் கேட்டுரு."

"லூசாடா நீ? தனியாக் கேட்டா ஆருக்குடா தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியும்ல?"

இந்தக் கோணத்தைக் கூட்டம் ஆழமாகப் பரிசீலித்து நிராகரித்தது. 'மரியாதை சேலஞ்ச்' என்று தலைப்பு முடிவானது. சால்வை ஒன்று, கேக் ஒன்று, வாடகை டிரோன் ஒன்று. மறுநாள் ஜீப் அக்காவின் ஊரான செம்மநத்தத்துக்குக் கிளம்பியது.

டிரோன் இரைச்சலில் கோழிகள் சிதறி ஓட, அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"அக்கா, எண்ட்ரி சரியா வரல. ஊட்டுக்குள்ள போயிட்டு இன்னொருக்கா வாங்க," என்றார் மேக்ஸ்வெல்.

அக்கா போகவில்லை. "ஏனுங்க தம்பி, அந்த வீடியோவ எடுத்துருவீங்களா மாட்டீங்களா?"

"எடுக்கறதா?" பென்னி பதறிப்போனார். "அது இருந்தாத்தானேக்கா எதுக்கு மன்னிப்பு கேக்கறேன்னு சனத்துக்குப் புரியும்? கீழயே லிங்க் குடுக்கறோம்."

"கண்ணு, அது பயந்து கத்துன கத்து இல்ல. பள்ளத்துல பறிக்கறவங்களுக்கு எருமை வர்றது தெரியாது. மேட்டுல நிக்கறவ கத்துனாத்தான் அவங்க மரம் கிரம் ஏறித் தப்பிக்க முடியும். போன வாரம் நெசமாவே வந்துச்சு. கத்துனேன். கீழ அத்தன பேரும் கைதட்டிச் சிரிச்சாங்க. கிட்ட வந்தப்பறந்தான் ஓடுனாங்க. நம்ம மலரு கால முறிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்கறா."

பென்னியின் கண்கள் நனைந்தன. கைக்குட்டையை எடுத்தவர் சட்டென்று மேக்ஸ்வெல் பக்கம் திரும்பினார்.

"ரெக்கார்டு ஆச்சாடா?"

"கோழிச் சத்தம் நொம்ப இருக்குடா."

"அக்கா, அந்தக் கால் முறிஞ்ச எடத்த மட்டும் இன்னொருக்கா சொல்லிருங்க. அப்பறம் கேமராவப் பாத்து 'மன்னிச்சுட்டேன்'னு ஒரு வார்த்த. அத அப்லோடு பண்ணுன கையோட பழைய வீடியோவத் தூக்கிர்றேன். சத்தியமா."

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க. சொல்றேன். மொதல்ல அந்தக் கேமராவ நிறுத்துங்க. மேல சுத்தறதையும் எறக்குங்க."

இறக்கினார்கள். செம்மநத்தம் திடீரென்று அமைதியானது. கேமரா இல்லாத இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று பென்னிக்குப் பிடிபடவில்லை. சால்வையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கக்கா."

"ஆருகிட்டக் கேக்கறீங்க?"

"உங்ககிட்டத்தான்க்கா."

"எங்கிட்டன்னா எம்பேரச் சொல்லிக் கேளுங்க. அப்பவே மன்னிச்சுர்றேன். நீங்க வீடியோவ எடுத்துருங்க."

பென்னி மேக்ஸ்வெலைப் பார்த்தார். ஏதாவது துப்பு கிடைக்கும் என்று மேக்ஸ்வெல் அவசரமாகக் கேக் பெட்டியைத் திறந்து பார்த்தார். கேக்கின் மேல் சிவப்பு கிரீமில் 'அலறல் அக்கா' என்று எழுதியிருந்தது.

வீடியோ இன்னும் இருக்கிறது. அவர் பெயர் பென்னிக்குத் தெரியவில்லை.