தலையணையில் ஒரு வாய்க்கால்

திருக்காட்டுப்பள்ளியில் தொடங்கி தஞ்சாவூர் வரைக்கும் குஷன் மாமா உட்கார்ந்து பார்க்காத நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. உட்காருவது என்றால் நீங்களும் நானும் உட்காருவது மாதிரி இல்லை. முதலில் உள்ளங்கையால் அழுத்துவார். பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்பார். அப்புறம் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடம் வலம் ஆடி, "ம்ஹும்" என்பார். அந்த "ம்ஹும்" வந்துவிட்டால் நாற்காலிக்குச் சொந்தக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பிள்ளைகளே, நீங்கள் நம் ஸ்கூல் வேனில் ஏறிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "அங்கிள், பாலம் தாண்டினதும் அந்தக் குஷன் கடை முன்னாடி மட்டும் ஏன் ரெண்டு ஹாரன் அடிக்கிறீங்க? குறுக்க யாருமே வரலையே?" என்று. வண்டி ஓட்டும்போது கதை சொல்லக்கூடாது. அதனால் எழுதித் தருகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மாமாவின் வேலை டிராக்டர், பைக், வேன் எல்லாவற்றுக்கும் சீட் தைப்பது. நீங்கள் உட்கார்ந்து வருகிறீர்களே, அந்த சீட்டும் அவர் தைத்ததுதான். ஒரு கல்யாண வரவேற்பில் எல்லாரும் மேடை ஏறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் முறை வந்தது. மாப்பிள்ளையின் கையைக் குலுக்குவதற்குப் பதிலாக அவர் உட்கார்ந்திருந்த சோபாவை அமுக்கினார்.

"மாப்ள, செத்த எந்திரிங்க."

மாப்பிள்ளை எழுந்தார். பெண்ணும் எழுந்தது. மாமா சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தலையை விட்டார். "அடப்பாவி, வைக்கோலடா உள்ள!" என்று சத்தம் வந்தது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் ஒரு படம் இருக்கிறது. மணமக்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். நடுவில் மாமாவின் கால் மட்டும் தெரியும்.

மாதா கோயிலில் பங்குச் சாமியாரின் நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டார். "சாமி, உங்க பிரசங்கம் ஏன் முக்கா மணி நேரம் போகுதுன்னு இப்பத்தான் வெளங்குது. இந்த சேர்ல மனுசன் ஒக்கார முடியாது. அதான் நின்னுக்கிட்டே இருக்கீங்க." அடுத்த வாரமே நாற்காலிக்குப் புது குஷன் போட்டுக் கொடுத்தார். பிரசங்கம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஜனங்கள் மாமாவைப் பார்த்துத்தான் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிராக்டர் ஓட்டும் செல்வத்துக்குச் சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில், உட்காரும் இடத்தில் கட்டி வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், வலி அவருக்குத்தான் தெரியும். மாமா அவரை சீட்டில் உட்காரவைத்து, கட்டி படும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, அங்கே மட்டும் ஸ்பாஞ்சை நீளமாக வெட்டி எடுத்தார். "வலிக்கிற எடத்துல எதுவும் இருக்கக் கூடாது. சுத்தி இருக்கறது தாங்கணும். வாய்க்கா வெட்டிட்டேன், போ" என்றார். செல்வம் அன்றைக்கே நான்கு மா நிலம் உழுதார். உட்காரவைக்காமல் எடுக்கிற அளவு ஓர் அளவே அல்ல என்பது மாமாவின் சட்டம். அந்த வாய்க்காலையும் இந்தச் சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை.

ஒரு சாயங்காலம் ரயில்வே கேட் போட்டிருந்தது. வேனை நிறுத்தினேன். ரயில் போனது. கேட் திறந்தது. எல்லாரும் போனார்கள், நான் மட்டும் போகவில்லை. பின்னால் பஸ்ஸும் பால் வண்டியும் அலறுகின்றன. பிள்ளைகள் என் தோளை உலுக்கி, "அங்கிள், தெறந்த கேட்ட மறுபடியும் மூடப் போறாங்க!" என்று கத்தினார்கள். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நின்ற வண்டியில் தூங்கியவன், ஓடும் வண்டியில் தூங்கியிருந்தால்?

மறுநாள் பெரிய மிஸ்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கையை நீட்டினார். சாவியை வைத்தேன்.

"உங்கள அனுப்பலைங்க. டாக்டர் லெட்டர் குடுத்தா சாவி உங்களுதுதான். அரைப்பரீட்சை வரைக்கும் வேற ஆள் ஓட்டட்டும். அதுக்கு மேல உங்க வேலைய என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார்.

தஞ்சாவூர் டாக்டர் ஒரு ராத்திரி முழுக்க என் உடம்பில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். "நீங்க தூங்கறப்ப தொண்டை மூடிக்குது. மூச்சு நின்னு, திணறி, திரும்ப வருது. விடிய விடிய இதே கதை. அதான் பகல்ல கண்ணு சொருகுது" என்றார். சிபாப் என்று ஒரு மிஷின் கொடுத்தார். ஒரு நீளமான டியூப், அதன் முனையில் மூக்கை மூடுகிற மாஸ்க். அந்த மிஷின் காற்றை அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். எத்தனை மணி நேரம் போட்டுத் தூங்கினோம் என்பதை உள்ளே இருக்கும் சின்ன கார்டு எழுதிக்கொள்ளும். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால்தான் லெட்டர். "மல்லாக்கப் படுக்காதீங்க, உங்களுக்கு ஒருக்களிச்சுப் படுக்கறதுதான் நல்லது" என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் பிறந்ததிலிருந்தே வலது பக்கம் ஒருக்களித்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்குகிறவன். சந்தோஷமாக வந்தேன். உட்கார்ந்திருக்கும்போது மாஸ்க் கச்சிதமாக இருந்தது. ஒருக்களித்தேன். தலையணை மாஸ்க்கைத் தள்ளியது. மாஸ்க் விலகி, காற்று நேராக என் கண்ணில் அடித்தது. வாரை இழுத்து இறுக்கினேன். அந்தப் பக்கம் அடங்கி இந்தப் பக்கம் சீறியது. இன்னும் இறுக்கினேன். காலையில் கன்னத்தில் இரண்டு வரப்பு.

உங்கள் ஆன்ட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏங்க, முன்னயெல்லாம் கொறட்டை மட்டும்தான் வந்துச்சு. இப்பக் காத்தும் சேந்து வருது. பக்கத்துல படுத்த எனக்குச் சளி புடிச்சிருச்சு" என்றாள்.

பத்து நாள் கழித்து கார்டைப் பார்த்த டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ராத்திரிக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் வழியாக நம் வேன் போனதைப் பார்த்தேன். வேறு ஆள் ஓட்டிக்கொண்டு போனார். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. இறங்கி நேராக மாமா கடைக்குப் போனேன்.

மாமா மாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிஷினைப் போடச் சொல்லி விரலை வைத்துத் தடவினார். மாஸ்க்கின் முன்பக்கத்தில் பொடிப்பொடியாக ஓட்டைகள். அதன் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"மாப்ள, இதான் பிரச்சினை. ஓட்டை மாஸ்க்க ஒந்தலைல கட்டிட்டானுவ." பஞ்சர் ஒட்டுகிற பசையை எடுத்துவிட்டார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கிருந்த சிஸ்டர் பதறிப்போய், "ஐயையோ, அத அடைக்கவே கூடாது! நீங்க வெளிய விடற மூச்சு அது வழியாத்தான் போகணும்" என்றார்.

மாமா பசையைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட! டியூப் வாய்க்கா, இது வடிகாலா! வர்றதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி. நம்மூரு வயக்காடுதான்டா இது! இனிமே மாஸ்க்குல நான் கை வைக்கமாட்டேன். அது டாக்டர் எல்லை. தலையணை என் எல்லை."

நான்கே நாளில் ஒரு தலையணை வந்தது. மெரூன் ரெக்சின், ஓரத்தில் வெள்ளை பீடிங், மாஸ்க் வரும் பக்கத்தில் ஒரு வெட்டு. பார்க்க அவ்வளவு அழகு. படுத்தால் கன்னம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டது. புரண்டால் படபடவென்று சத்தம். வெட்டு எங்கேயோ இருந்தது, மாஸ்க் எங்கேயோ இருந்தது.

"தலையணையாங்க இது? பஸ் சீட்டு மாதிரி இருக்கு. டிக்கெட் எடுக்கணுமா?" என்றாள் உங்கள் ஆன்ட்டி.

திரும்பக் கொண்டுபோனேன். மாமா தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தலையணையைப் பார்த்தார்.

"மாப்ள, ஒனக்கு எப்படி அளவெடுத்தேன்?"

"ஸ்டூல்ல உக்கார வச்சு எடுத்தீங்க மாமா."

கையிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்தது. "படுக்கறதுக்கு ஒக்கார வச்சு அளவெடுத்திருக்கேன்! இத்தன வருசத் தொழில்ல இப்படி ஒரு கூத்து நடந்ததில்ல. ஊர்ல யார்ட்டயும் சொல்லிடாத. நாளைக்கு மத்தியானம் மிஷினோட வா."

மறுநாள் கடையில் ஸ்பாஞ்சு வெட்டும் மேஜைமேல் என்னைப் படுக்கவைத்தார். "நீ வீட்ல எப்படித் தூங்குவியோ, அப்படியே படு."

வலது பக்கம் ஒருக்களித்தேன்.

"கைய எடு."

"கை இல்லாம தூக்கம் வராது மாமா."

"சரி, கைக்கும் ஒரு மடை விட்டுடுவோம்."

மிஷினை ஓடவிட்டு, வாரையெல்லாம் தளர்த்தினார். மாஸ்க் மூக்கில் தானாகப் படிந்த பிறகு, காற்று சீறாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டார். "இறுக்காத மாப்ள. வரப்ப ஒரு பக்கம் ஓங்கி மிதிச்சா, இன்னொரு பக்கம் ஒடைப்பெடுக்கும்." கன்னத்தில் படும் வாருக்குப் பழைய பனியன் துணியைச் சுற்றினார். மாஸ்க் தலையணையில் முட்டும் இடத்தைக் கோடு போட்டு, கத்தியால் ஒரு வாய்க்கால் வெட்டினார். மறுபடி படுக்கவைத்தார். இன்னும் இரண்டு விரல் வெட்டினார். ரெக்சினைத் தூர எறிந்துவிட்டு, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியை உறையாகப் போட்டார். டியூப் முகத்தை இழுக்காமல் இருக்க, அதைத் தலைக்கு மேலே தூக்கித் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். நான் பதில் சொல்லவில்லையாம்.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் சீட் தைக்க வந்திருந்த செல்வம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மூக்கில் மாஸ்க், தலைக்கு மேலே டியூப், மேஜைமேல் நான் அசையாமல் கிடக்கிறேன். "டிரைவருக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று யாரோ போன் பண்ண, உங்கள் ஆன்ட்டி ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். என் பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்டாள். பிறகுதான் பெரிதாக அலறினாளாம்.

"ஐயோ, போய்ட்டாரே! கொறட்டைச் சத்தமே இல்லையே!"

மாமா உதட்டில் விரலை வைத்தார். "ஷ்ஷ்! தங்கச்சி, சும்மா இரு. மாப்ள தூங்குறான்."

இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். உழவு நேரம், கடையில் அவ்வளவு வேலை. தையல் மிஷின் சத்தத்தில் நான் எழுந்துவிடுவேன் என்று மாமா ஒரு தையல்கூடப் போடவில்லை. செல்வத்தின் சீட் அப்படியே கிடந்தது. டியூப்பை வலது கையில் கொஞ்ச நேரம், இடது கையில் கொஞ்ச நேரம் என்று மாற்றிப் பிடித்தபடி நின்றாராம். செல்வம் "நான் புடிக்கிறேன் மாமா" என்று கேட்டதற்கு, "ஒனக்கு டிராக்டர் ஸ்டியரிங் புடிச்ச கை, ஆட்டிடுவ" என்றாராம்.

வீட்டில் டியூப்பைப் பிடிக்க ஆள் வேண்டுமே? உத்தரத்தில் தொட்டில் கொக்கி சும்மாதான் இருந்தது. அதில் ஒரு தொட்டில் ஸ்பிரிங் மாட்டி டியூப்பைத் தொங்கவிடச் சொன்னார் மாமா. இடம் வலம் புரண்டாலும் அது கூடவே வரும். ஸ்பிரிங் வாங்கப் போன உங்கள் ஆன்ட்டியிடம் கடைக்கார அம்மா, "என்னம்மா, விசேஷமா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க. எங்க வீட்டுக்காரரத் தொட்டில்ல போடப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் போனது. டாக்டர் கார்டைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், லெட்டர் எழுதினார். அரைப்பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய மிஸ் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். நேராக மாமா கடைக்குப் போனேன். சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

மாமா ஒரு டிராக்டர் சீட்டை அமுக்கிப் பார்த்தபடி சொன்னார்: "காலைல இந்தப் பக்கம்தானே வண்டி வரும்? ராத்திரி நல்லாத் தூங்கியிருந்தா ரெண்டு ஹாரன் அடி. இல்லன்னா ஒண்ணு. பொய் ஹாரன் அடிக்கக் கூடாது. உள்ள இருக்கறது புள்ளைங்க."

அதுதான் பிள்ளைகளே, அந்த இரண்டு ஹாரன்.

ஒரே ஒரு நாள் ஒன்று அடித்தேன். விடியற்காலையில் கரண்ட் போய்விட்டது, மிஷின் நின்றுவிட்டது, இரண்டு மணி நேரத் தூக்கம் போனது. அவ்வளவுதான். ஹாரன் சத்தம் அடங்குவதற்குள் மாமா கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து வேனை மறித்தார். "சும்மா ஸ்கூல் வரைக்கும் காத்து வாங்கலாம்னு" என்று சொல்லி என் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். உங்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்கு வழி முழுக்க அந்தக் கல்யாண சோபா கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தாரே, அந்த நாள்தான்.

நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அன்றைக்கு அவர் தான் உட்கார்ந்த சீட்டை அமுக்கிப் பார்க்கவே இல்லை. ஸ்கூல் வாசல் வரும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்.